கண்ணுக்கு எட்டியவரை

"வடக்குச் சரிவில் இன்று நெல்லிக்காய் பதினான்கு, எலுமிச்சை ஐந்து, தேங்காய் ஒன்று. தேங்காய் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் விழும். கிழக்கே கற்கள் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை பூசணி எங்கும் இல்லை. வணக்கம்."

பனிக்கரையில் விடிந்தவுடன் வானொலியில் கேட்பது இதுதான். கல் நிலவரம் என்று பெயர். கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. இட்லித் தட்டைக் கழுவியபடியே கேட்பார்கள். வடக்கே போக வேண்டிய பனிவண்டிகள் அன்றைக்குக் கிழக்கே போகும். மேற்பரப்பில் மாப்பிள்ளை அழைப்பு வைத்திருப்பவர்கள் அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடுவார்கள். தேங்காய் விழுந்ததும், "விழுந்துட்டுல்லா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ என்ற நிலவில் பனியைக் குடைந்து, மேலே குவிமாடம் போட்டு மூடிய ஊர் பனிக்கரை. அங்கே வியாழன் எழுவதுமில்லை, மறைவதுமில்லை. நம் நிலவைப் போல் எட்டு மடங்கு அகலத்தில் வானத்தின் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். காற்று கிடையாது. பூமியில் இந்தக் கற்கள் வழியிலேயே எரிந்துபோகும். நாமும் நட்சத்திரம் விழுகிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போவோம். கலிஸ்டோவில் எரிப்பதற்குக் காற்று இல்லாததால் கல் கல்லாகவே வந்து இறங்கும். வருகிற வேகத்துக்கு நெல்லிக்காய் அளவுக் கல் ஒன்று போதும், ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

ஊருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் யாராவது வெளியே போய்ப் பனியை வெட்டிக்கொண்டு வந்தாக வேண்டும். அப்படிப் போகிறவர்களில் ஒருவன் சுடலைமணி. போகலாமா கூடாதா என்று சொல்லும் கருவிக்குப் பொறுப்பு அவன் மனைவி செண்பகவல்லி. அந்தக் கருவியை ஊரார் கல்காணி என்பார்கள். அது ஒரு பெரிய தொலைநோக்கியும், அதில் விழும் படங்களைப் பார்த்து எண்ணிச் சொல்லும் ஓர் இயந்திர மூளையும் சேர்ந்தது. கோபுரத்தின் உச்சியில் அதன் முகப்புக் கண்ணாடி, ஒரு கல்யாணப் பந்தலுக்குக் கூரையாகப் போடும் அளவுக்கு அகலம்.

தினமும் காலையில், ஊருக்குள்ளிருந்து காற்றில்லாத வெளிக்குப் போகும் இடைவாசல் அருகே இருவருக்கும் ஒரே பேச்சுதான்.

"கெழக்கதான போறீங்க?"

"அதான் ஓன் கல்காணி சொல்லிட்டுல்லா. பெறகு எதுக்கு வடக்க போவப் போறேன்?"

"சும்மா கேட்டேன்."

அவள் சும்மா கேட்கவில்லை. அவன் வண்டி திரும்பி வந்து, இடைவாசல் விளக்கு பச்சையாகும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. கருவிக்குப் பொறுப்பானவள் என்பதால் அந்தப் பயம் குறைந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அதனால்தான் கூடியிருந்தது.

ஒருநாள் ஓர் எலுமிச்சை நேராகக் கல்காணியின் முகப்புக் கண்ணாடியிலேயே விழுந்து அதைக் கீறிவிட்டது. அந்த எலுமிச்சையைக் கல்காணி சரியாகவே முன்னறிவித்திருந்தது. கோபுரத்தைத்தான் தள்ளிவைக்க முடியவில்லை.

புதுக் கண்ணாடிக்குக் குவிமாட மன்றம் ஊர் மக்களிடம் உபயம் கேட்டது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பனிக்கரையின் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். அந்தக் கப்பலில் ஆளுக்கு இவ்வளவு எடைதான் என்று கட்டுப்பாடு இருந்தது. ஆட்டுக்கல்லை விட்டார்கள், பித்தளைக் குடத்தை விட்டார்கள். எடை இல்லாத சாமான்களை மட்டும் முழுதாகக் கொண்டுவந்தார்கள். பேச்சு ஒன்று. இன்னொன்று, கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் அதன் மேலேயே கொடுத்தவர் பெயரை, ஊரை, பிள்ளைகள் பெயரை எல்லாம் கறுப்பு மையில் எழுதி, விளக்கு எரிந்தும் மண்டபம் இருட்டாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் வழக்கம்.

மன்றத் தலைவர் ஆவுடையப்பன் முதல் உபயதாரர். "அமரர் பூதலிங்கம் நினைவாக" என்று தன் தகப்பனார் பெயரைக் கண்ணாடியின் நட்டநடுவில் எழுத வேண்டும் என்றார். எழுதினால் கல்காணிக்குக் கண் மறைக்காதா என்று ஒருவர் கேட்டார். மன்றத்தின் பொறியாளர் மாசானமுத்து எழுந்து விளக்கினார்.

"மறைக்காது. கல்காணி தூரத்துல உள்ளதத்தான் பாக்கும். கண்ணாடி மேல ஒட்டிக் கெடக்குறது அதுக்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு எழுதினாலும் ஒரு எழுத்துகூடப் படத்துல விழாது."

அவர் சொன்னது அத்தனையும் சரி. எழுத்து படத்தில் விழாது. படத்துக்குப் போக வேண்டிய வெளிச்சத்தில்தான் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

படத்தில் விழாது என்று தெரிந்ததும் ஊருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. தலைவர் பெயரைச் சுற்றி மன்ற உறுப்பினர்கள், அவர்களைச் சுற்றி வணிகர் சங்கம், அதைச் சுற்றி மாதர் சங்கம். ஒருவர் தன் பட்டங்களையும் சேர்த்து எழுதச் சொன்னார். ஒருவர் பேரன் பேத்திகள் பெயரைப் போட்டுவிட்டு, பிறக்கப்போகும் ஒன்றுக்கு இடம் விட்டு வைத்தார்.

புதுக் கண்ணாடி ஏறிய மாதத்தில் நெல்லிக்காய்கள் பதினான்கிலிருந்து ஒன்பதாகக் குறைந்தன. அடுத்த மாதம் இரண்டு. ஊர் வியந்தது. தலைவர் ஒரு கூட்டத்தில், "தர்மம் தலை காக்கும்னு கேட்டிருக்கோம், இப்பப் பாக்கோம்" என்றார். உபயதாரர் பெயர் ஏற ஏறக் கல் குறைகிறது என்பது வெறும் நம்பிக்கை அல்ல. கணக்குப் போட்டுக் காட்டவும் முடிந்தது. மாசானமுத்து ஒரு வரைபடமே போட்டார். ஒரு கோடு மேலே போனது, ஒரு கோடு கீழே வந்தது. அவ்வளவு அழகான வரைபடத்தைப் பனிக்கரை அதுவரை கண்டதில்லை. இன்னும் பெயர்கள் வந்து குவிந்தன.

செண்பகவல்லி கல்காணியிடமே கேட்டாள்.

"நெல்லிக்கா ஏன் கொறஞ்சு போச்சு?"

"குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வரும் வெளிச்சம் குறைந்திருக்கிறது" என்றது கல்காணி. அதற்குப் பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுக்க மன்றம் நிதி ஒதுக்கவில்லை. "சிறிய கல் மங்கலானது. வெளிச்சம் குறைந்தால் முதலில் அதுதான் போகும். பிறகு எலுமிச்சை போகும்."

"பெறகு தேங்காயா?"

"ஆமாம். பூசணியைக் கடைசிவரை பார்ப்பேன் என்று நினைக்கிறேன்."

"அப்ப கல்லு விழுதா, இல்லையா?"

"பார்க்காததை இல்லை என்று சொல்ல எனக்குக் கற்றுத்தரவில்லை. அதனால்தான் கண்ணுக்கு எட்டியவரை என்று சொல்கிறேன்."

அன்று காலையில்தான் சுடலைமணி, "இப்பல்லாம் வடக்கயும் போலாம் போலிருக்கே, அங்கதான் நல்ல பனி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள். ஆவுடையப்பன் கெட்ட மனிதர் அல்ல. யார் வந்தாலும் உட்கார வைத்து, காபி கொடுத்து, முழுதாகக் கேட்பார். கேட்டபின் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வார்.

"அண்ணாச்சி, கல்லு கொறையல. கண்ணாடிதான் மறைக்குது. கல்காணியே சொல்லுது, கண்ணுக்கு எட்டியவரைன்னு."

"அப்படியா சொல்லுது?"

"தெனம் சொல்லுது அண்ணாச்சி. நீங்களும் தெனம் கேக்கீங்க."

தலைவர் யோசித்தார். "நீ சொல்றது சரிதாம்மா. அந்த வார்த்தை எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. கேக்குற சனத்துக்குப் பயமா இருக்கும்லா, எட்டாத எடத்துல என்னமோ கெடக்குன்னு. நல்லவேள சொன்ன."

மறுநாள் முதல் கல் நிலவரத்திலிருந்து "கண்ணுக்கு எட்டியவரை" நீக்கப்பட்டது. வாசிக்க நேரமும் மிச்சமாயிற்று.

சில மாதங்களில் எலுமிச்சையும் போயிற்று, தேங்காயும் போயிற்று. முகப்புக் கண்ணாடியில் இடம் தீர்ந்து, பெரிய பெயர்களுக்கு இடையில் சின்னப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலையில் வானொலி, "இன்று கற்கள் இல்லை. வணக்கம்" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டது. ஊர் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல். கல்லற்ற ஊர் என்று வாசலில் ஒரு வளைவு எழுப்பத் தீர்மானம் போட்டார்கள். வளைவுக்கு உலோகம் வேண்டும். பனிவண்டிகளின் தலைக்கு மேலே கனத்த கூரைத் தகடுகள் இருந்தன. கல்லே இல்லாத ஊரில் வண்டிக்குக் கூரைத் தகடு எதற்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தகடுகளைக் கழற்றி உருக்கி வளைவாக்கினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அன்று வீட்டில் செண்பகவல்லி பொங்கலைத் தொடவில்லை.

"நீங்க நாளைக்குப் போவ வேண்டாம்."

"போவாம? தண்ணிக்கு என்ன செய்ய?"

"மேல மூடிகூட இல்லாம தெறந்த வண்டியில போறீங்க. எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

"கல்காணி இல்லேங்குது. நீ அத விடப் பெரிய கண்ணு வச்சிருக்கியா?" சுடலைமணி சிரித்தான். "இத்தன வருசமா அது சொன்னதக் கேட்டுத்தான உசுரோட இருக்கேன். இப்ப மட்டும் நம்பாதேங்குற."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கல்காணியை விட்டால் கல்லை அறிய வேறு வழி இல்லையா என்று யோசித்தாள். உணவுப் பொட்டலம் கட்டும் மெல்லிய வெள்ளித் தாள் கிடங்கில் சுருள் சுருளாகக் கிடந்தது. நாலைந்து சுருளை ஒட்டி, ஒரு கூடம் அகலத்துக்கு விரிப்பாக்கி, பனிவண்டிப் பாதையின் ஓரத்தில் விரித்து, நாலு மூலையிலும் பனிக்கட்டியை வைத்துவிட்டு வந்தாள். அதில் கண்ணாடி இல்லை, மூளை இல்லை, பெயர் எழுதவும் யாருக்கும் தோன்றாது. கல் விழுந்தால் ஓட்டை, விழாவிட்டால் ஓட்டை இல்லை. இதைவிட எளிய கருவி இருக்க முடியாது என்று அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தாளைச் சுருட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். மண்டபத்தின் நடுவில் இருவரைப் பிடிக்கச் சொல்லி விளக்குக்கு எதிரே விரித்தாள். ஏழு ஓட்டைகள் வழியாக ஏழு வெளிச்சப் பொட்டுகள். ஆறு எதிர்ச்சுவரில் விழுந்தன. ஒன்று தலைவரின் சட்டையில் விழுந்தது. அவர் அதைத் தூசி என்று நினைத்துத் தட்டிவிட்டார்.

"இந்த மாசம் பூரா கல்லு இல்லன்னு வாசிச்சாங்க. இது ஏழு கல்லு" என்றாள்.

ஒருவர் தாள் பழசு என்றார். ஒருவர் சுருட்டும்போது கிழிந்திருக்கும் என்றார். மாசானமுத்து இவற்றையெல்லாம் ஏற்கவில்லை. அவர் படித்தவர்.

"கல்லு விழுந்துச்சுன்னா கல்காணியில தெரிஞ்சிருக்கணும். தெரியல. அப்ப இந்த ஓட்டை கல்லால வந்தது இல்ல. வேற எதுனாலன்னு ஆராயலாம். அதுக்கு ஒரு குழு போடலாம்."

"கல்காணிக்குத் தெரியலேன்னா கல்லே இல்லன்னு ஆயிருமா?"

"பின்ன? கருவியில தெரியாததத் தெரியும்னு சொன்னா, அது அறிவியல் இல்லம்மா. மூடநம்பிக்கை."

கலிஸ்டோ என்ற நிலவு இருப்பதே மனிதனுக்கு எப்படித் தெரிந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். பல நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலியில் ஒருவர் இரண்டு வில்லைகளை ஒரு குழாயில் பொருத்தி வியாழனை நோக்கித் திருப்பினார். பக்கத்தில் நான்கு புள்ளிகள். இரவுக்கு இரவு அவை இடம் மாறின. எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு, வேறொன்றைச் சுற்றும் நான்கு சாட்சிகள் கிடைத்தன. அந்த நான்கில் ஒன்றின் மேல்தான் இந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அன்றைய அறிஞர்களில் சிலர் அந்தக் குழாயில் கண்ணை வைக்கவே மாட்டேன் என்றார்கள். வைத்த சிலரும் அது குழாயின் சேட்டை என்றார்கள். ஏட்டில் இல்லாதது வானத்திலும் இருக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. ஏடு போய்க் குழாய் வந்தது. குழாயில் தெரிவதை நம்ப மறுத்த மனிதன், பழகப் பழக, குழாயில் தெரியாத எதையும் நம்ப மறுப்பவனாகிவிட்டான். மாறியது குழாயின் பதவி மட்டும்தான்.

தலைவருக்கும் அந்த வரலாறு தெரியும். ஆனால் அவர் படித்த பக்கம் வேறு.

"இந்த நிலாவக் கண்டுபிடிச்ச பெரியவரே, கண்டுபிடிச்ச கையோட நாலுக்கும் தன்ன ஆதரிச்ச எளவரசர் குடும்பத்துப் பேரத்தான் வச்சாரு. உபயம் போடுறது ஒண்ணும் நம்ம புதுசாக் கொண்டாந்தது இல்ல. வானசாஸ்திரமே அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு."

அது உண்மைதான். அந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மண்டபம் கை தட்டியது. தாளை ஆராயக் குழு போடப்பட்டது. குழுவில் இடம் பெற்ற ஐவருக்கும் கண்ணாடியில் பெயர் இருந்தது.

குழு முதன்முறை கூடுவதற்கு முன்பே சுடலைமணியின் வண்டியில் கல் விழுந்தது.

கலிஸ்டோவில் சத்தம் கேட்காது. இருக்கை வழியாக ஓர் அதிர்வு முதுகில் ஏறியது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது பக்கத்து இருக்கை இல்லை. அதன் மேல் வைத்திருந்த தூக்குச்சட்டியும் இல்லை. இருக்கை இருந்த இடத்தில், தளத்தில் எலுமிச்சை அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்குக் கீழே பனி. புளிச்சோறு பருக்கை பருக்கையாக உறைந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அவன் வெளியுடையைக் கழற்றவில்லை. செண்பகவல்லி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபின் வந்தது கோபம். கோபத்துக்குப் பின், அவளுக்கே வியப்பாக, ஒரு தெளிவு வந்தது.

மன்றம் சம்பவத்தை வண்டிக் கோளாறு என்று பதிந்துகொண்டது. சுடலைமணி உயிர் பிழைத்தது உபயதாரர்களின் புண்ணியம் என்றும் பேசிக்கொண்டார்கள். செண்பகவல்லி மறுக்கவில்லை. அவள் கல்லைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். பத்து நாள் கழித்து மறுபடியும் தலைவர் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தாள்.

"அண்ணாச்சி, ரொம்ப நாளா ஒண்ணு மனசுல கெடக்கு. ஒங்க அப்பா பேரு கோபுரத்து உச்சியில இருக்கு. அங்க ஏறிப் பாக்குறது நான் ஒருத்திதான்."

ஆவுடையப்பனின் முகம் வாடியது. அது அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"பனிவண்டி தெனம் ரெண்டு தடவ ஊருக்குள்ள எறக்குமுற்றத்துக்கு வருது. தண்ணி பிடிக்க வாற சனம் பூரா மேல்மாடத்துல நின்னு கீழ பாத்துக்கிட்டுதான் நிக்கும். வண்டித் தலையில ஒரு பலகைய மல்லாத்தி மாட்டி, அதுல பேரு இருந்துச்சுன்னா ஊரே வாசிக்கும்."

"மல்லாத்தியா?"

"நிக்க வச்சா பக்கத்துல நிக்குறவனுக்குத்தான் தெரியும். மல்லாத்தினா மாடத்துல நிக்குற அம்புட்டுப் பேருக்கும் தெரியும். வண்டி நீளத்துக்கு, ஓட்டுறவன் தலைக்கு மேல வார மாதிரி."

தலைவர் காபியைக் கீழே வைத்தார். "எதுல செய்யலாம்?"

"எஃகுதான் நல்லது. மெல்லிசாப் போட்டா நெளிஞ்சிரும். அப்பா பேரு நெளிஞ்சா பாக்க நல்லாவா இருக்கும்?"

முதல் பலகை இரண்டு விரற்கடை கனத்தில் சுடலைமணியின் வண்டியில் ஏறியது. அமரர் பூதலிங்கம், எழுத்துகள் புடைத்து, பொன்வண்ணம் பூசி. எடை எட்டில் ஒரு பங்காகத் தெரியும் நிலவு என்பதால் வண்டிக்கும் சிரமமில்லை. அதைப் பார்த்ததும் வணிகர் சங்கத் தலைவர் மூன்று விரற்கடைக்குச் சொன்னார். மாதர் சங்கம் நான்கு. கனம் குறைந்தவர்களைப் பற்றி ஊரில் ஒரு மாதிரியாகப் பேசத் தொடங்கினார்கள். நாற்பது நாளில், பனிக்கரையின் எல்லா வண்டிகளும், எந்தக் காலத்திலும் இல்லாத கனத்த கூரையின் கீழ் ஓடிக்கொண்டிருந்தன. வளைவுக்காகத் தகடுகளைக் கழற்றியபோது கேள்வி கேட்ட உறுப்பினரும் ஒரு பலகை கொடுத்திருந்தார்.

செண்பகவல்லிக்கு அந்த நாட்களில் சோறு கொஞ்சம் இறங்கியது. அவள் கேட்டது இவ்வளவுதான். மற்றது அவள் கேட்காமலே நடந்தது.

ஒரு மதியம் சுடலைமணி வடக்குச் சரிவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது மறுபடியும் அந்த அதிர்வு. இந்த முறை தலைக்கு மேலிருந்து வந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். பலகை கீழ்ப்பக்கமாகச் சற்றுப் புடைத்திருந்தது, பிளக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

வண்டி முற்றத்துக்குள் நுழைந்ததுமே மாடத்தில் நின்ற கூட்டம் கூச்சலிட்டது. பூதலிங்கத்தின் பெயருக்கு நட்டநடுவில் கிண்ணம் அளவுக்கு ஒரு குழி. செய்தி போய், தலைவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். ஏணியில் ஏறிப் பலகையின் மேல் முழங்காலிட்டுக் குழியைக் கையால் தடவினார். அவர் கண்களில் உண்மையாகவே நீர் வழிந்தது.

"எங்கப்பா மூஞ்சியிலயே அடிச்ச மாதிரி இருக்கே."

பலகைக்கு நேர் கீழே, இருக்கையில், சுடலைமணி இன்னும் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செண்பகவல்லி ஓடி வந்து, கையுறையைக் கழற்றி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. அது போதும் அவளுக்கு.

தலைவர் மேலிருந்து குனிந்து கேட்டார். "எதும்மா இது, இப்படி அடிச்சிருக்கு?"

"கல்லு அண்ணாச்சி."

"கல்லா?" அவர் குழியை மறுபடி பார்த்தார். "கல்லு வாறது முன்கூட்டியே தெரிஞ்சா பலகைய உள்ள கொண்டாந்திருக்கலாம்லா?"

"தெரிஞ்சுக்கிடலாம். கல்காணிக் கண்ணாடியில உள்ள எழுத்தச் சொரண்டிட்டா, எல்லாம் பழையபடி தெரியும்."

"அப்ப ஏம்மா இத்தன நாளாச் சொல்லல?"

செண்பகவல்லி கணவனின் கையை விடாமல் நின்றாள். என்னென்னவோ சொல்ல வாய் வரை வந்தது. "தோணல அண்ணாச்சி" என்றாள்.

அன்றைக்கே அவசரக் கூட்டம். கண்ணாடியில் பெயருள்ள அத்தனை பேரும் வண்டிப் பலகையிலும் பெயர் உள்ளவர்கள் என்பதால் விவாதம் நீளவில்லை. மாசானமுத்து எழுந்து, எழுத்து படத்தில் விழாவிட்டாலும் வெளிச்சத்தைக் குறைக்கும், இது சிறுவர்களுக்கும் தெரிந்த ஒளியியல் என்று விளக்கினார். அவர் சொன்னது இந்த முறையும் முழுக்கச் சரி. தாள் ஆராய்ச்சிக் குழு தன் வேலை முடிந்துவிட்டது என்று அறிவித்து, தனக்குத் தானே நன்றி தெரிவித்துக் கலைந்தது. உறுப்பினர்கள் வெளியுடை மாட்டிக்கொண்டு வரிசையாகக் கோபுரம் ஏறினார்கள். தலைவர் தன் தகப்பனார் பெயரைத் தன் கையாலேயே சுரண்டினார். சுரண்டி முடித்துக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார், யாரும் சொல்லாமலே. இறங்கி உள்ளே வந்ததும் செண்பகவல்லியிடம், "அந்த வார்த்தையையும் திருப்பிச் சேத்துரும்மா. கண்ணுக்கு எட்டியவரை. எட்டாதது எங்கயாச்சும் இருந்து தொலைச்சா? சொல்லி வைக்குறது நல்லது" என்றார்.

மறுநாள் விடிந்தது. பனிக்கரை இட்லித் தட்டைக் கழுவியபடி வானொலியைக் கேட்டது.

"வடக்குச் சரிவில் இன்று நெல்லிக்காய் பதினாறு, எலுமிச்சை ஆறு, தேங்காய் இரண்டு. கிழக்கே கண்ணுக்கு எட்டியவரை நெல்லிக்காய் மூன்று. மன்றத்தின் அவசர அறிவிப்பு: வெளியே உள்ள பெயர்ப்பலகைகள் அனைத்தும் உடனடியாக ஊருக்குள் கொண்டுவரப்பட வேண்டும். பலகைகளுக்குச் சிறு கீறலும் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வணக்கம்."

பனிக்களத்தில் விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிட்ட வண்டிகள் திரும்பின. இடைவாசல் விளக்கு ஒவ்வொரு வண்டிக்கும் பச்சையாயிற்று. பலகைகள் தாமாக வண்டியை ஓட்டிக்கொண்டு வர முடியாது என்பதால், வண்டியோட்டிகளும் கூடவே உள்ளே வந்தார்கள்.